டிரிடிரி தீவில் தொண்டு செய்ய வருகிறவர்களுக்கு

மரம் நடும் ஆசையோடு வருகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நியூசிலாந்தின் பறவைச் சரணாலயமான டிரிடிரி மட்டாங்கித் தீவில் மரம் நட்டு முடித்து முப்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. 1984 முதல் 1994 வரை ஆக்லாந்து மக்கள் படகு படகாக வந்து, இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட கன்றுகளை நட்டுவிட்டுப் போனார்கள். அவை இன்று காடு. இப்போது அங்கே ஆள் வேண்டியிருப்பது பறவைகளுக்குச் சர்க்கரைத் தண்ணீர் வைக்கும் புட்டி கழுவ, களை பிடுங்க, பாதையைச் செப்பனிட, எலி வந்திருக்கிறதா என்று காலடி பதியும் மை அட்டையைப் பார்க்க, வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு நடக்க. படம் பிடித்துப் போட்டுக்கொள்ள எடுப்பான வேலை ஒன்றும் இல்லை. இது தெரிந்தும் வரலாம் என்று தோன்றினால் மேலே படியுங்கள்.

ஆக்லாந்துக்குப் புதிதாகக் குடிவந்த தமிழர்களை மனத்தில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். வேலை, வீடு, பிள்ளைகளின் பள்ளி எல்லாம் ஒரு நிலைக்கு வந்த பிறகு, வார இறுதியில் ஏதாவது உருப்படியாகச் செய்யலாமே என்று கேட்கிறவர்கள் நிறையப் பேர். பறவைகளைப் பற்றி ஒன்றும் தெரியாதே என்று தயங்க வேண்டாம். அங்கே தொண்டு செய்கிற பலரும் ஒன்றும் தெரியாமல் வந்தவர்கள்தான்.

தீவைப் பற்றி, கொஞ்சம்

ஹவுராக்கி வளைகுடாவில், ஆக்லாந்துக்கு வடக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில், 220 ஹெக்டேர் பரப்பில் இருக்கிறது இந்தத் தீவு. வாங்கப்பராவா முனையிலிருந்து பார்த்தால் கைக்கெட்டும் தூரம்; நடுவில் நாலு கிலோமீட்டர் கடல். உள்ளூரில் எல்லோரும் ‘டிரி’ என்றே சொல்வார்கள். காவெராவ் ஆ மக்கி, ஙாட்டி பாவா என்னும் மாவோரிக் குலத்தார் வாழ்ந்த இடம். பிறகு ஐரோப்பியர் வந்து, நூறாண்டுக்கும் மேலாக ஆடும் மாடும் மேய்த்து, காட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பங்கை மொட்டையாக்கிவிட்டார்கள். மிஞ்சியவை பள்ளத்தாக்குகளில் ஒட்டிக்கொண்டிருந்த சில தோப்புகள்தாம்.

1971இல் மேய்ச்சல் குத்தகை முடிந்தது. கால்நடையை வெளியேற்றிவிட்டால் காடு தானாக வந்துவிடும் என்று எதிர்பார்த்தார்கள். வரவில்லை. மேய ஆளில்லாத புல்லும் பெரணியும் இடுப்பளவு வளர்ந்து, விழுந்த விதை எதையும் முளைக்க விடவில்லை. ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் கிரெய்க், நீல் மிட்செல் இருவரும் அப்போதுதான் ஒரு யோசனை சொன்னார்கள்: நாமே நடுவோம், அதுவும் பொதுமக்களை வைத்தே நடுவோம். அரிய பறவைகள் உள்ள தீவு என்றால் மக்களை அண்டவிடாமல் பூட்டி வைப்பதுதான் அதுவரை வழக்கம். அதைத் தலைகீழாக்கியதுதான் டிரியின் தனிச்சிறப்பு. அனுமதிச் சீட்டு எதுவும் இல்லாமல் யார் வேண்டுமானாலும் படகேறிப் போகலாம் என்பது இன்றும் தொடர்கிறது.

1865ஆம் ஆண்டின் முதல் நாளிலிருந்து எரிகிற ஒரு கலங்கரை விளக்கம் தீவில் இருக்கிறது. அதன் கடைசிக் காவலர் ரே வால்ட்டர். விளக்கு தானியங்கியானதும் ஊருக்குத் திரும்பாமல் அவர் நாற்றங்காலைப் பார்த்துக்கொண்டார். அவரும் மனைவி பார்பராவும் அங்கேயே தங்கி, வந்த ஆயிரக்கணக்கான பேரிடம் மண்வெட்டியைக் கொடுத்து வேலை வாங்கினார்கள். 1988இல் ‘டிரிடிரி மட்டாங்கி ஆதரவாளர்கள்’ சங்கம் தொடங்கியது. தீவு அரசுடையது, இயற்கைப் பாதுகாப்புத் துறையும் இந்தச் சங்கமும் சேர்ந்து நடத்துகின்றன. நீங்கள் சேரப்போவது இந்தச் சங்கத்தில்தான்.

நடவிலும் ஒரு பாடம் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். கடலோர மரமான பொஹுட்டுக்காவாவைத்தான் மிகுதியாக நட்டார்கள். பாதி செத்துப்போகும் என்று கணக்குப் போட்டு நெருக்கி நட, அது கிட்டத்தட்ட முழுக்கப் பிழைத்துக்கொண்டது! விளைவு, சில இடங்களில் பொஹுட்டுக்காவா மட்டுமே அடர்ந்து, அடியில் வேறு செடி தலைகாட்ட முடியாத நிழல். பிறகு சில மரங்களை வெட்டிக் கலைத்துவிட வேண்டியதாயிற்று. தீவில் நடக்கும்போது சில தோப்புகளின் தரை வெறிச்சென்று இருப்பதைப் பார்த்தால் காரணம் இதுதான்.

கிளம்புவதற்கு முந்தைய இரவு: பையும் செருப்பும்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

டிரியில் எலி இல்லை, சுண்டெலி இல்லை, பூனை இல்லை, கீரி போலிருக்கும் ஸ்டோட் இல்லை. பாலினேசியர்களோடு வந்த கியோரே எலி மட்டும் நெடுங்காலம் இருந்தது. 1993இல் வானிலிருந்து நஞ்சுணவு தூவி அதையும் ஒழித்தார்கள். அந்த நஞ்சைத் தின்று புகேகோ என்னும் நீலக்கோழிகளும் ஏராளமாகச் செத்தன. இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய தூய்மை அது. பறக்கத் தெரியாத பறவை, தரையில் கூடு கட்டும் பறவை, உள்ளங்கை நிறைக்கும் வேட்டாப்புங்கா என்ற பூச்சி எல்லாம் உயிரோடு இருப்பது எலி இல்லாததால்தான். சினையாக இருக்கும் ஒரே ஒரு பெண் எலி யாருடைய பையிலாவது ஏறி வந்துவிட்டால் போதும். வேடிக்கையாகச் சொல்லவில்லை. 1964இல் நியூசிலாந்தின் தென்கோடியில் பிக் சவுத் கேப் என்ற தீவில் எலி பெருகி, வேறெங்கும் இல்லாத பறவை இனங்களைச் சில ஆண்டுகளில் துடைத்துவிட்டது.

ஆகவே, கிளம்புவதற்கு முந்தைய இரவே பையைக் காலி செய்யுங்கள். உதறுங்கள். தையல் மூலை, பக்கப்பை, ஜிப்பின் மடிப்பு எல்லாவற்றையும் விரலால் தடவிப் பாருங்கள். வாய் திறந்த துணிப்பை, பிளாஸ்டிக் கேரி பை ஆகாது. முழுக்க மூடக்கூடிய பை வேண்டும். அடுக்கிய பிறகு அதை வராந்தாவிலோ கராஜிலோ இரவு முழுக்கத் திறந்து வைக்காதீர்கள். சுண்டெலி நுழைவது அப்போதுதான்.

அடுத்தது எறும்பு. அர்ஜென்டினா எறும்பு என்று ஒன்று ஆக்லாந்து வீடுகளில் பரவலாக இருக்கிறது. சிறியது, பழுப்பு நிறம், கொட்டாது, அகலமான சாரையாகப் போகும். 2000இல் அது தீவின் படகுத்துறைப் பக்கம் கண்டுபிடிக்கப்பட்டது. எப்படியோ சரக்கோடு வந்திருக்கிறது. அதைத் தேடித் தேடி ஒழிக்கப் பத்தாண்டுக்கும் மேல் பிடித்தது. மண்டியிட்டுப் புல்லை விலக்கி எறும்பு தேடுவதைவிடப் பொறுமையைச் சோதிக்கும் வேலை இருக்க முடியாது. நம் வீட்டில் அரிசி மூட்டைக்கும் சர்க்கரை டப்பாவுக்கும் பக்கத்தில் பையை வைத்துக் கட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டும். புளியோதரையோ தயிர்சாதமோ, எதைக் கட்டினாலும் இறுக மூடும் டப்பாவில் கட்டுங்கள். டப்பாவின் வெளிப்புறத்தையும் ஒருமுறை துடையுங்கள்.

செருப்பு, ஷூ விஷயம் இன்னும் முக்கியம். அடிப்பாகத்தின் பள்ளங்களில் காய்ந்த மண்ணை ஒரு பழைய பல்துலக்கியால் சுரண்டி எடுங்கள். கவுரி மரங்களைக் கொல்லும் நோய் மண்ணோடு பரவுகிறது. துளி மண் போதும். ஆஸ்திரேலிய அரணையின் முட்டை மண்ணோடு போகலாம். நாடா துளையையும் நாக்குத் துணியின் அடியையும் யாரும் பார்ப்பதில்லை, புல்விதை ஒட்டிக்கொண்டிருப்பது அங்கேதான். காலுறை, கம்பளிச் சட்டை, வெல்க்ரோ பட்டை ஆகியவற்றையும் பார்த்துவிடுங்கள். ஊரிலிருந்து வந்த பெரியவர்கள் புடவையோ வேட்டியோ கட்டிக்கொண்டு வந்தால் ஓரக்கரையைச் சுற்றி ஒருமுறை பாருங்கள். விதை ஒட்டுவதற்கு அதைவிட வாகான துணி இல்லை.

படகும் துறையும்

படகு ஆக்லாந்து நகரத் துறையிலிருந்து காலையில் புறப்பட்டு, கல்ஃப் ஹார்பரில் நின்று, தீவுக்குப் போகும். நகரத்திலிருந்து ஒன்றேகால் மணி நேரத்துக்குக் குறையாது. வடக்கே குடியிருப்பவர்கள் கல்ஃப் ஹார்பரில் ஏறினால் பயணம் சுருங்கும். எல்லா நாளும் படகு இல்லை. பிற்பகலில் அதே படகு திரும்பும். அதைத் தவறவிட்டால் வேறு வழி இல்லை. டிக்கெட்டை முன்பதிவு செய்யுங்கள். காற்று பலமாக அடித்தால் காலையில்தான் ரத்து செய்வார்கள், குளிர்காலத்தில் இது சகஜம். வீட்டை விட்டுக் கிளம்பும் முன் கைப்பேசியில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏறும் இடத்தில் காலணி தேய்க்கத் தூரிகை வைத்திருப்பார்கள். வீட்டிலேயே சுத்தம் செய்தாயிற்று என்று ஒதுங்காதீர்கள், தேய்த்துவிட்டே ஏறுங்கள். உங்களைப் பார்த்துத்தான் பின்னால் வரும் குடும்பமும் தேய்க்கும்.

இறங்கியதும் வன அலுவலர் ஒருவர் அல்லது மூத்த தொண்டர் ஒருவர் எல்லோரையும் நிறுத்தி விதிகளைச் சொல்வார். நாய் கூடாது, நெருப்பு கூடாது, பாதையை விட்டு விலகக் கூடாது, குப்பையைத் திரும்ப எடுத்துப் போக வேண்டும். குப்பைத்தொட்டியே இல்லை. மாம்பழக் கொட்டை, ஆரஞ்சு விதை, கறிவேப்பிலைக் காம்பு வரை டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். பாதையை விட்டு விலகாதே என்பது வெறும் சம்பிரதாயமில்லை: சிறு பென்குயின்களின் வளையும் கடற்பறவைகளின் பொந்தும் மண்ணுக்குள் இருக்கின்றன, மேலே கால்வைத்தால் இடிந்து விழும்.

சாப்பாட்டுக் கடை இல்லை. மேலே பார்வையாளர் மையத்தில் டீயும் காப்பியும் கிடைக்கும். சாப்பாடும் தண்ணீரும் நீங்களே கொண்டுபோக வேண்டும்.

முதல் பயணம் பார்வையாளராக

உடனே வேலைக்குச் சேர்ந்துவிடாதீர்கள். முதலில் ஒரு நாள் சும்மா போய்ப் பாருங்கள், அதுவும் தொண்டர் நடத்தும் குழு நடையில் சேர்ந்து பாருங்கள். கட்டணம் சொற்பம், அந்தப் பணம் சங்கத்தின் வழியாகத் தீவுக்கே போகிறது. தனியாக நடப்பவர் பத்துப் பறவையைத் தாண்டிப் போய் ஒன்றும் காணோமே என்பார். கூட வருகிறவருக்குக் காது பழகியிருக்கும். சட்டென்று நின்று, கிளை எது என்று காட்டுவார்.

படகுத்துறையிலிருந்து வாட்டில் பாதை வழியாகக் கலங்கரை விளக்கம் வரை ஏறுவதுதான் புதியவர்களுக்கு நல்லது. இன்னும் நடக்க முடிந்தவர்கள் காவெராவ் பாதையைப் பிடிக்கலாம். அங்கே பழைய காட்டின் மிச்சம் இருக்கிறது, பல நூறாண்டு கண்ட பொஹுட்டுக்காவாவும் உண்டு.

எல்லாப் பறவையையும் ஒரே நாளில் கற்றுக்கொள்ள முயன்றால் ஒன்றும் நிற்காது. ஐந்தை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

தீயெக்கே: கறுப்பு உடல், முதுகில் செங்காவிச் சேணம், தாடையில் சிவப்புத் தொங்கல். சருகைக் கிளறியபடி ஓயாமல் சத்தம் போடும். வடக்குத் தீவு வகை ஒரு காலத்தில் டாரங்கா என்ற ஒரே தீவில் மிஞ்சியிருந்தது. டிரிக்கு வந்தது 1984இல், மரம் நடத் தொடங்கிய அதே ஆண்டு.

ராபின்: சாம்பல் நிறம், குச்சிக் கால், பயமே இல்லை. பாதையோரத்தில் காலால் சருகை லேசாகக் கிளறிவிட்டு இரண்டடி பின்னால் நில்லுங்கள். கிளறிய இடத்தில் பூச்சி பொறுக்க அதுவாக வந்து நிற்கும்.

கோக்கக்கோ: சாம்பல் உடல், முகத்தில் கறுப்பு முகமூடி, தாடையில் நீலத் தொங்கல். பறப்பதைவிடக் கிளைக்குக் கிளை தாவி ஓடுவதில் கெட்டி. 1997இல் வந்தது. அதன் பாட்டைக் கேட்க விடியலில் அங்கே இருக்க வேண்டும்.

தக்காஹே: நீலமும் பச்சையுமாக, சிவப்பு அலகோடு, வாத்தைவிடப் பருமனாக, கலங்கரை விளக்கத்துப் புல்வெளியில் மேய்ந்துகொண்டிருக்கும். பறக்காது. 1898க்குப் பிறகு யாரும் காணாததால் அழிந்தே போயிற்று என்று எழுதி வைத்திருந்த பறவையை 1948இல் ஜெஃப்ரி ஆர்பெல் மர்ச்சிசன் மலையில் மறுபடி கண்டுபிடித்தார். புல் தின்னும் விதத்தைப் பாருங்கள்: தாளைப் பிடுங்கி, ஒரு காலால் இறுக்கிப் பிடித்து, வெளுத்த அடித்தண்டை மட்டும் கடித்துவிட்டு மிச்சத்தை எறிந்துவிடும். டிரியில் கிரெக் என்றொரு தக்காஹே இருந்தது. வருகிறவர்களின் சாண்ட்விச்சைத் திருடுவதில் பெயர் பெற்றது. 2012இல் இறந்தபோது செய்தித்தாளில் எல்லாம் வந்தது. இப்போது இருப்பவையும் உங்கள் டப்பாவை நோட்டம் விடும். அப்பளத்துண்டு கூடக் கொடுக்காதீர்கள்.

ஐந்தாவது ஹிஹி. அதற்குத்தான் உங்கள் கை அதிகம் தேவைப்படும். அதனால் அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஒரு சின்ன எச்சரிக்கை: வசந்த காலத்திலும் கோடைத் தொடக்கத்திலும் நெற்றியில் ஆரஞ்சோ ஊதாவோ பூசிய பறவை தென்பட்டால் புது இனம் என்று குதிக்க வேண்டாம். பூவுக்குள் தலையை விட்டு மகரந்தம் அப்பிக்கொண்ட மணிப்பறவையாக இருக்கும்.

சேருவதும் வேலை பிடிப்பதும்

தீவு பிடித்துப்போனால் சங்கத்தில் உறுப்பினராகச் சேருங்கள். ஆண்டுச் சந்தா உண்டு. சேர்ந்தவுடன், என்ன வேலைக்கு ஆள் வேண்டும், வேலை முகாம் எப்போது என்ற செய்திகள் வரத் தொடங்கும். விண்ணப்பத்தில் என்ன எழுதுவது என்று பலர் என்னிடம் கேட்பதுண்டு. இயற்கை மேல் எனக்குத் தீராத காதல் என்றெல்லாம் எழுதாதீர்கள். எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள். தச்சு வேலை தெரியுமா, மின்சார வேலை தெரியுமா, கணக்கு எழுதத் தெரியுமா, எந்தக் கிழமையில் ஓய்வு என்பதை எழுதுங்கள். குழாய் ரிப்பேர் தெரிந்தவருக்கு அங்கே பறவை நிபுணரைவிட மரியாதை அதிகம்.

நீண்ட வார இறுதிகளை ஒட்டி நடக்கும் வேலை முகாம்தான் நல்ல தொடக்கம். பலகைப் பாதைக்கு ஆணி அடிப்பது, வடிகால் தோண்டுவது, கிளை கழிப்பது, பறவைத் தொட்டி தேய்ப்பது என்று கலவையாக இருக்கும். எது உங்களுக்கு ஒத்துவரும் என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி இல்லை.

களை பிடுங்குவது எனக்குப் பிடித்த வேலை. மோத் கொடி என்று ஒன்று இருக்கிறது. நம் எருக்கின் குடும்பம். காயைப் பார்த்தால் நமக்கு உடனே பிடிபட்டுவிடும்: வெடித்தால் பட்டுப்பஞ்சு ஒட்டிய விதைகள் காற்றில் மிதந்து போகும், ஒடித்தால் பால் வடியும். பெருநிலத்துத் தோட்டங்களிலிருந்து காற்று அதன் விதையைக் கடலைத் தாண்டித் தீவில் கொண்டுவந்து போடும். காய் வெடிக்கும் முன் கண்டுபிடித்து, வேரோடு பிடுங்க வேண்டும். காயைத் தரையில் விடக் கூடாது, பையில் கட்டிக் கொண்டுவர வேண்டும். கையுறை கட்டாயம், பால் பட்டால் தோல் எரியும். எருக்கம்பஞ்சை ஊதி விளையாடி வளர்ந்த நம் ஆட்களின் கண்ணுக்கு அந்தக் கொடி எளிதில் தப்பாது. இதே கொடி உங்கள் சொந்த வேலியிலும் இருக்கலாம். அதை முதலில் பிடுங்குங்கள்.

எலி கண்காணிப்பு இன்னொரு வேலை. சிறு சுரங்கம் போன்ற பெட்டிக்குள் நடுவில் மை தடவிய அட்டை, அதன் மேல் கொஞ்சம் வேர்க்கடலை வெண்ணெய். உள்ளே புகுந்து வெளியேறும் உயிர் தன் காலடியைப் பதித்துவிட்டுப் போகும். அட்டையை எடுத்துப் பார்ப்பதும் மாற்றுவதும்தான் வேலை. பெரும்பாலும் வேட்டா பூச்சியின் புள்ளிகளும் அரணையின் வால் கோடுமாக இருக்கும். எலியின் அடியை ஒருபோதும் பார்க்காமல் திரும்புவதே இந்த வேலையின் வெற்றி. சிலருக்கு இது அலுக்கும். அலுக்கிறவர்கள் வேறு வேலைக்கு மாறிக்கொள்வது நல்லது, ஏனென்றால் அசட்டையாகப் பார்த்த அட்டை, பார்க்காத அட்டையைவிட மோசம்.

இனி ஹிஹி. ஆணுக்குக் கறுப்புத் தலை, தோளில் மஞ்சள் பட்டை, கண்ணுக்குப் பின்னால் வெள்ளைக் கற்றை. பெண் சாம்பல் பழுப்பு. 1880களில் நியூசிலாந்து முழுவதிலும் மறைந்து ஹௌட்டுரு என்ற ஒரே தீவில் மட்டும் மிஞ்சியது. அங்கிருந்து 1995இல் டிரிக்குக் கொண்டுவந்தார்கள். ஆனால் டிரியின் காடு இளங்காடு. ஹிஹி முட்டையிடுவது மரப்பொந்தில். பொந்து விழும் அளவுக்கு மரத்துக்கு வயதாக வேண்டும். ஆண்டு முழுதும் தேன் கிடைக்கும் அளவுக்குப் பூவகையும் இல்லை. ஆகவே பொந்துக்குப் பதில் பெட்டி, தேனுக்குப் பதில் சர்க்கரைத் தண்ணீர். காடு கிழடாகும் வரை மனிதர்கள் இதைச் செய்துதான் ஆக வேண்டும். டிரியில் பெருகிய ஹிஹிகளைப் பிடித்துப் பெருநிலத்தின் வேலியிட்ட சரணாலயங்களுக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்பதால் இந்தச் சர்க்கரைத் தண்ணீருக்குப் பலன் தீவுக்கு வெளியிலும் உண்டு.

கம்பிவலைக் கூண்டுக்குள் புட்டி தொங்கும். வலையின் கண் ஹிஹியும் மணிப்பறவையும் நுழையும் அளவு. உருவில் பெரிய டூயி என்ற பறவை நுழைய முடியாது. நுழைந்தால் எல்லாவற்றையும் அதுவே குடித்துவிட்டு மற்றவற்றை விரட்டும். புட்டியை மாற்றுகிறவர் கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: சுத்தம். கழுவாத புட்டியில் பூஞ்சை பிடிக்கும். எல்லாப் பறவையும் ஒரே துளையில் குடிப்பதால் ஒன்றின் நோய் எல்லாவற்றுக்கும் பரவும். மூடியின் புரியையும் துளையையும் குச்சித் தூரிகையால் குடைந்து கழுவுவார்கள். கொதிநீர் ஊற்றுவார்கள். கரைசலின் அளவை எடை போட்டே கலப்பார்கள். நம் வீட்டுச் சமையலில் போல் கைக்கணக்கு அங்கே செல்லாது. அவர்கள் சொல்லித்தரும் முறையை மாற்றாமல் செய்யுங்கள். நாட்டுச்சர்க்கரை, தேன் என்று மேம்படுத்த நினைக்காதீர்கள்.

கூண்டருகே உட்கார்ந்தால் கால் வளையங்களைப் படிக்கவும் பழகலாம். ஹிஹிகளின் காலில் நிற வளையங்கள் போட்டிருப்பார்கள்; ஒவ்வொரு பறவைக்கும் ஒரு சேர்க்கை. எந்தக் கால், மேலே எது, கீழே எது என்ற வரிசை மாறாமல் குறிக்க வேண்டும். பறவையின் இடது எது, நம் இடது எது என்பதில்தான் புதியவர்கள் தடுமாறுவார்கள்: பறவையின் இடதுதான் கணக்கு. உறுதியில்லாவிட்டால் ஊகித்து எழுதாமல் பாதியோடு விட்டுவிடுங்கள். செத்துப்போன பறவை ஒன்று உங்கள் ஏட்டில் உயிரோடு நடமாடினால் ஆய்வாளர்கள் மண்டையை உடைத்துக்கொள்வார்கள்.

வழிகாட்டியாக

பேச்சில் விருப்பமுள்ளவர்கள் வழிகாட்டியாகலாம். மூத்த வழிகாட்டிகளோடு பலமுறை கூட நடந்து பழகிய பிறகுதான் தனியாக ஒரு குழுவைத் தருவார்கள். ஆங்கிலம் பெரிய தடையில்லை. மாவோரிப் பெயர்களைச் சரியாக உச்சரிக்க மட்டும் சிரத்தை எடுங்கள். ‘ங’ என்ற ஒலி நமக்கு அந்நியமில்லையே, வெள்ளைக்காரர்களைவிட நமக்கு அது எளிது.

குழுவின் நடையை மெதுவாக்குவதுதான் வழிகாட்டியின் முதல் வேலை. நம்மவர் குழுவாக வந்தால் பேச்சுச் சத்தம் பறவையை விட ஓங்கி நிற்கும். கோபித்துக்கொள்ளாமல், ‘இதோ ஒன்று கூப்பிடுகிறது, கேட்கிறதா’ என்று கேட்டுப் பாருங்கள். அடங்கிவிடும். பள்ளிப் பிள்ளைகள் வந்தால் படகுத்துறைக்குப் பக்கத்திலுள்ள பென்குயின் பெட்டிகளில் தொடங்குங்கள். மேல்மூடியைத் தூக்கினால் கண்ணாடி. உள்ளே குடியிருக்கிறதா இல்லையா என்பது அன்றைய அதிர்ஷ்டம். மூடியை மெல்லத் தூக்கி, ஒரு கணம் பார்த்துவிட்டு, மெல்ல வைத்துவிட வேண்டும்.

பொஹுட்டுக்காவா இலையில் பளிச்சென்ற மஞ்சள் பொடி படிந்திருப்பதைக் கண்டால் தொடாதீர்கள், யாரையும் தொடவிடாதீர்கள். 2017இல் நியூசிலாந்துக்குள் வந்த துருநோயாக இருக்கலாம். படம் எடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு, வன அலுவலரிடம் சொல்லுங்கள். இலையைக் கிள்ளி எடுத்துப் போய்க் காட்டுவது நோயைச் சட்டையில் சுமந்து போவதற்குச் சமம்.

இரவு தங்கினால்

தங்கும் கொட்டகை ஒன்று உண்டு. அடுக்குக் கட்டில், பொதுச் சமையலறை. முன்பதிவு இல்லாமல் தங்க முடியாது, கூடாரம் போட அனுமதி இல்லை. தூங்கும் பையும் சாப்பாடும் நீங்கள் கொண்டுவர வேண்டும். அரிசி, பருப்பு, பொடி எல்லாம் மூடிய டப்பாவில். தாளிக்க ஆசைப்பட்டால் ஜன்னலைத் திறந்துவிட்டுத் தாளியுங்கள், பக்கத்துக் கட்டில்காரர்கள் முதலில் தும்முவார்கள், பிறகு ஒரு வாய் கேட்பார்கள்.

இருட்டிய பின் கிவியைப் பார்க்கப் போவதென்றால் டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டிக்கொள்ளுங்கள். இங்கே இருப்பது சிறுபுள்ளிக் கிவி, கிவிகளிலேயே சிறிய வகை. வெள்ளை வெளிச்சம் அடித்தால் அதற்குக் கண் கூசும், உங்களுக்கும் காட்சி போய்விடும். பாதையில் மெதுவாக நடந்து, சருகுச் சத்தம் கேட்டதும் நின்றுவிடுங்கள். துவாட்டராவும் இரவில் பாதையில் படுத்திருக்கலாம்; 2003இல் கொண்டுவந்து விட்டவற்றின் வழித்தோன்றல்கள். பல்லி மாதிரி தெரியும், பல்லி இல்லை. மிதித்துவிடாமல் காலுக்கடியில் பார்த்து நடப்பது உங்கள் பொறுப்பு. ஃபிளாஷ் போட்டுப் படம் வேண்டாம்.

பெரியவர்களை அழைத்துவருகிறவர்களுக்கு

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கும்போது டிரிக்கு அழைத்துப் போகலாமா என்று கேட்பார்கள். தாராளமாக. வாட்டில் பாதையில் பலகைப் படிகளும் மேடும் உண்டு, ஆனால் வழிநெடுக உட்காரப் பெஞ்சு இருக்கிறது. மூட்டுவலிக்காரர்கள் படியைத் தவிர்த்து வண்டிப்பாதை வழியாக ஏறலாம். ஏற்றம்தான், இருந்தாலும் கால் தடுக்காது. மேலே ஏற முடியாதவர்கள் ஹாப்ஸ் கடற்கரை வரை சமதளத்தில் போய்வந்தாலே போதுமான பறவை பார்த்துவிடுவார்கள். படகில் குமட்டுகிறவர்களுக்கு மாத்திரை ஏறுவதற்கு அரை மணி முன்பு கொடுங்கள், ஏறிய பிறகு கொடுத்துப் பயனில்லை. திரும்பும் படகுக்குக் கால்மணி நேரம் முன்பே துறைக்கு இறங்கிவிடுங்கள். கழிப்பறை சில இடங்களில் மட்டும்தான் என்பதைப் புறப்படும்போதே சொல்லிவிடுவது நல்லது.